மணிமேகலை எங்கே?

'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தின் முதல் பாகம் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி வெளிவந்தது. அந்த வாரக் கடைசியிலேயே நாங்கள் குடும்பத்துடன் சென்று பார்த்தோம். பாட்டி மட்டும் வரவில்லை. கண் அழுத்த நோயால் அவருக்குப் பார்வை மிகவும் மங்கிவிட்டது. "எனக்கு எதற்கு டிக்கெட்? நீ பார்த்துவிட்டு வந்து கதையைச் சொல்" என்றார்.

அன்று இரவு, தஞ்சோங் பகாரில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் பாட்டியின் அருகில் அமர்ந்து சொல்லத் தொடங்கினேன்.

"முதலில் பெரிய போர், பாட்டி. ஆதித்த கரிகாலன் குதிரையில் வருகிறான்..."

"போரா? ஏரிக்கரையில் அல்லவா தொடங்க வேண்டும்?" என்று பாட்டி குறுக்கிட்டார்.

பிறகு எழுந்து, சுவரைத் தடவியபடி சென்று, அலமாரியின் அடித்தட்டிலிருந்து துணியில் சுற்றிய ஒரு கட்டை எடுத்து வரச் சொன்னார். அதில் ஐந்து தடித்த புத்தகங்கள் இருந்தன. அவை கடையில் வாங்கியவை அல்ல. கல்கி எழுதிய இந்த நாவல், 'கல்கி' வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 வரை தொடராக வந்தது. பாட்டியின் அப்பா துறைமுகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர். வாரந்தோறும் தொடர் வந்த பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து வைத்து, பாகம் பாகமாகப் பைண்டு செய்திருக்கிறார். இதழ் வந்த அன்று மாலை அவர் உரக்கப் படிப்பாராம். எழுதப் படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து அமர்ந்து கேட்பார்களாம். அப்போது பாட்டிக்கு எட்டு வயது.

நான் முதல் பாகத்தைத் திறந்தேன். தாள் பழுப்பேறியிருந்தது. ஓவியர் மணியம் வரைந்த படங்கள் அழகாக இருந்தன. ஆனால், ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. வெட்கமாக இருந்தது. "அப்புறம் படிக்கிறேன், பாட்டி" என்று மூடி வைத்துவிட்டேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த 'அப்புறம்' ஏழு மாதங்கள் நீண்டது. 2023 ஏப்ரல் இறுதியில் இரண்டாம் பாகம் வந்தது. அதையும் பார்த்துவிட்டு வந்து பாட்டியிடம் கதை சொன்னேன்.

"கடைசியில் மதுராந்தகருக்கு முடி சூட்டுகிறார்கள், பாட்டி."

பாட்டி சிரித்தார். "எந்த மதுராந்தகருக்கு?"

எனக்குப் புரியவில்லை. அதை அவர் விளக்கவும் இல்லை. "சரி, மணிமேகலை என்ன ஆனாள்?" என்று கேட்டார்.

"அது வேறு கதை, பாட்டி. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று!"

"அந்த மணிமேகலை இல்லை. கடம்பூர் சம்புவரையர் மகள். கந்தமாறனின் தங்கை. வந்தியத்தேவன்மேல் உயிரையே வைத்திருந்தவள்."

"அப்படி ஒருவர் படத்தில் இல்லையே."

பாட்டி சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அப்பா கடைசி அத்தியாயத்தைப் படித்த அன்று, அவளுக்காக வாசலில் இருந்த எல்லாரும் அழுதார்கள்" என்றார். பிறகு படுக்கப் போய்விட்டார்.

எனக்குக் கோபமாக இருந்தது. ஒரு முழுப் பாத்திரத்தையே எப்படி விட்டுவிட முடியும்? மறுநாள் தமிழாசிரியரிடம் கேட்டேன். அவர், "ஐந்து பாகங்கள், இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல். இரண்டு படங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். நீயாக இருந்தால் யாரை விடுவாய்?" என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அவர் மேலும் சில செய்திகளைச் சொன்னார். 1958ஆம் ஆண்டிலேயே எம்.ஜி.ஆர். இந்தக் கதையைப் படமாக்க முயன்றாராம். அது நடக்கவில்லை. திரைக்கு முன்பே கதை மேடைக்கு வந்துவிட்டது. சென்னையில் 'மேஜிக் லேன்டர்ன்' என்ற நாடகக் குழு 1999இல் இதை அரங்கேற்றியது. 2014இல் மீண்டும் நடத்தியது. நாவலை நாடகமாகச் சுருக்கி எழுதியவர் இளங்கோ குமரவேல். பின்னர், இயக்குநர் மணிரத்னம், எழுத்தாளர் ஜெயமோகன் ஆகியோருடன் சேர்ந்து திரைக்கதை எழுதியவரும் அவரே. இவ்வளவு பெரிய கதையை ஒருவர் இரண்டு முறை சுருக்கியிருக்கிறார் என்றால், எதை வைப்பது, எதை விடுவது என்று எத்தனை இரவுகள் யோசித்திருப்பார்! என் கோபம் கொஞ்சம் தணிந்தது. ஆனாலும், மணிமேகலையை விட்டதில் எனக்கு இன்றும் உடன்பாடு இல்லை.

அன்று இரவு உணவுக்குப் பின் நானே அந்தக் கட்டைப் பிரித்தேன். பாட்டிக்காக உரக்கப் படிக்கத் தொடங்கினேன்.

பாட்டி சொன்னது போலவே கதை ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கு நாள். வீரநாராயண ஏரி நிரம்பிக் கிடக்கிறது. அதை இப்போது வீராணம் ஏரி என்கிறார்கள். மக்கள் குடும்பம் குடும்பமாகக் கரையில் கூடியிருக்கிறார்கள். வந்தியத்தேவன் குதிரைமேல் அமர்ந்து வேடிக்கை பார்த்தபடி போகிறான். ஏரிக்கு எழுபத்து நான்கு கணவாய்கள் என்று அவன் கேள்விப்பட்டிருக்கிறான். அவற்றை எண்ணிக்கொண்டே போகிறான். பல நாள் பயணத்தைப் படத்தில் ஒரு பாட்டிலேயே முடித்துவிட்டார்கள். இங்கே நானும் அவனுடன் மெதுவாகவே போனேன். என் வாசிப்பு வேகத்திற்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

நான் படிக்கும்போது வந்தியத்தேவனுக்கு நடிகர் கார்த்தியின் முகம்தான் வருகிறது. பாட்டிக்கு மணியம் வரைந்த முகம். படத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால், பழையாறை எது, கடம்பூர் எது என்று தெரியாமல் பத்தாம் பக்கத்திலேயே நிறுத்தியிருப்பேன்.

ஒரு நாள் பழக்கத்தில் 'அருண்மொழி' என்று படித்துவிட்டேன். "அருள்மொழி" என்று பாட்டி திருத்தினார். நாவலில் அருள்மொழிவர்மர், படத்தில் அருண்மொழி. இரண்டும் சரிதான் என்று ஆசிரியர் சொன்னார். நாள், மலர் என்னும் சொற்கள் சேர்ந்து நாண்மலர் ஆவதுபோல, அருளும் மொழியும் சேர்ந்தால் அருண்மொழி. பாட்டி அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

இப்போது இரண்டாம் பாகத்தில் இருக்கிறோம். ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடம் ஆகிறது. சில இடங்களில் நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் பாட்டியின் உதடுகள் அதை முடித்துவிடுகின்றன. மணிமேகலையின் பெயரைக் கடம்பூரிலேயே கேட்டுவிட்டேன். அவள் கதைக்குள் நன்றாக வருவதற்கு நான்காம் பாகம் வரை பொறுக்க வேண்டுமாம்.

நான் கடைசி அத்தியாயத்தை எட்டிப் பார்த்துவிடுவேன் என்ற சந்தேகத்தில், ஐந்தாம் பாகத்தை மட்டும் பாட்டி தம் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.