ஒரு முறை ரத்தம் எடுத்தால் போதாதா?

கேள்வி: என் 9 வயது மகன் வகுப்பிலேயே குள்ளம். வளர்ச்சி ஹார்மோன் டெஸ்டுக்கு நாலைந்து முறை ரத்தம் எடுக்க வேண்டும் என்கிறார் திருநெல்வேலி டாக்டர். ஒரு முறை எடுத்தால் போதாதா?
– ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: போதாதும்மா. பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனை விட்டுவிட்டுத்தான் சுரக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகம். பகலில், நன்றாக வளரும் பிள்ளைக்கும் அளவு மிகக் குறைவாகத் தெரியலாம். அதனால் வெறும் வயிற்றில் குளோனிடின் போன்ற மருந்து கொடுத்துச் சுரப்பைத் தூண்டி, அரை மணிக்கு ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். மருந்தால் தூக்கம் வரும், ரத்த அழுத்தம் இறங்கும், கூடவே இருங்கள்.

லேபில் ஓர் ஆன்டிபாடி ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று அதன் வேறொரு பக்கத்தில் ஒட்டி ஒளி தரும். அந்த ஒளியை வைத்தே அளவைக் கணக்கிடுகிறார்கள். ஆன்டிபாடியால் ஹார்மோனை அளக்கலாம் என்று காட்டியவர்கள் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். இதற்காக 1977இல் யாலோ நோபல் பரிசு பெற்றார். ஆன்டிபாடி மாறினால் எண்ணும் மாறக்கூடும். எனவே ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என அச்சிட்ட ஆன்டிபாடிகளை வைத்து நோயை முடிவு செய்யக் கூடாது.

ஹார்மோன் குறைவுதான் என்று உறுதியானால் சிகிச்சை உண்டு. எலும்பின் வளர்தட்டு மூடுவதற்குள் தொடங்க வேண்டும், டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள்.