நோவும் நோவின் மேல் ஏறும் பாரமும்

பல வருடங்களாக நாரி நோவோடு வாழ்பவர்கள் நம்மிடையே பலர். எண்ணெய் பூசியும் குளிசை குடித்தும் அந்த நோ விட்டபாடில்லை. இன்னும் சிலருக்கு, உடம்பில் குறையில்லை என்று வைத்தியர் சொன்ன பின்பும் நெஞ்சு படபடக்கிறது. இரவில் நித்திரை வருவதில்லை. இத்தகையோருக்கென அமெரிக்காவில் உருவான ஒரு பயிற்சி முறையை இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

வைத்தியசாலையில் ஒரு வகுப்பு

1979ஆம் ஆண்டில், மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் உள்ள பல்கலைக்கழக வைத்தியசாலையில், ஜோன் கபற்-சின் என்பவர் இதனைத் தொடங்கினார். அவர் வைத்தியர் அல்லர், உயிரியல் ஆய்வாளர். மருந்தினாலும் சத்திரசிகிச்சையினாலும் சுகம் காணாதவர்களுக்கே முதலில் கற்பித்தார். பௌத்த தியானத்திலும் யோகாசனத்திலும் தாம் பயின்றதை, எச்சமயத்தவரும் பழகக்கூடியதாக, சடங்கு எதுவுமின்றி ஒழுங்குசெய்தார். இப்போதைய பயிற்சி எட்டுக் கிழமைகளுக்கானது. கிழமைக்கு ஒரு வகுப்பு. வீட்டில் நாளாந்தம் சுமார் 45 நிமிடப் பயிற்சி. உளவியலாளர் பலரும் இதனைத் தம் சிகிச்சையில் சேர்த்துள்ளனர்.

இதன் அடிப்படை என்ன?

நாரி நோகிறது. உடனே மனம், "இனி மண்வெட்டி பிடிக்க ஏலாது, பிள்ளைகளை யார் பார்ப்பது?" என்று ஓடுகிறது. பயத்தில் தசைகள் இறுகுகின்றன. இறுகுவதால் நோ கூடுகிறது. நோ கூடப் பயமும் கூடுகிறது. முதலாவது நோ, அடுத்தது அதன்மேல் ஏறும் பாரம். பாரத்தை இறக்கலாம் என்பதே இப்பயிற்சி. நோவை விரட்டாமல், அது எங்கே இருக்கிறது, சுடுகிறதா, இழுக்கிறதா, குத்துகிறதா என்று கவனிக்கிறோம். "இனி ஏலாது" என்பதும் வந்து போகும் ஓர் எண்ணமே என்று காண்கிறோம்.

பலன் உண்டா?

நாட்பட்ட நாரி நோவுள்ள 342 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. ஆறு மாத முடிவில், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 44 வீதமானோர் தம் அன்றாட வேலைகளில் நல்ல முன்னேற்றம் கண்டனர். இப்பயிற்சி பெற்றோரில் சுமார் 60 வீதமானோர் அவ்வாறு முன்னேறினர். 2022இல் வெளியான வேறோர் ஆய்வில், பதகளிப்பு நோயுள்ள 276 பேரில் ஒரு பகுதியினர் இப்பயிற்சியையும், மற்றோர் எஸ்சிற்றலோப்பிராம் என்ற மாத்திரையையும் பெற்றனர். பயிற்சியின் பலன் மாத்திரையினதிலும் குறைந்ததாக இருக்கவில்லை.

செய்து பார்ப்போம்

1. கதிரையில் இருங்கள், அல்லது பாயில் படுங்கள். கண்களை மூட விருப்பமில்லையேல் தரையைப் பாருங்கள்.
2. மூச்சு வந்து போவதை வயிற்றில் கவனியுங்கள். அதை மாற்ற முயல வேண்டாம்.
3. மனம் ஓடும், அது பிழையல்ல. வேலி தாண்டிய மாட்டை அடிக்காமல் சாய்த்து வருவதுபோல் திரும்பக் கொண்டுவாருங்கள்.
4. பாதத்திலிருந்து தலைவரை ஒவ்வோர் உறுப்பாகக் கவனியுங்கள். நோகும் இடத்திலும் சற்றுத் தங்கி, பின் அப்பால் செல்லுங்கள்.

ஆரம்பத்தில் பத்து நிமிடம் போதும்.

எச்சரிக்கை

கொடிய சம்பவங்களைக் கண்டவர்கள் அமைதியாக இருக்கும்போது அக்காட்சிகள் மீண்டும் வரக்கூடும். வந்தால் உடனே நிறுத்துங்கள். கண் திறந்து, கால்களை நிலத்தில் ஊன்றி, அருகிலுள்ளவருடன் கதையுங்கள். இத்தகையோர் தனியே பழகாமல் உளவளத்துணையாளரை நாடுவது நல்லது. புதிதாக நெஞ்சு நோ, கால் விறைப்பு ஏற்பட்டால் வைத்தியரிடமே செல்ல வேண்டும். குடிக்கும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தலாகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காணி இழந்தவரின் கவலைக்குக் காரணம் அவர் மனத்தில் இல்லை. மூச்சைக் கவனிப்பதால் காணி திரும்பி வராது. "பொறுத்துக்கொள்" என்று வாயடைக்க எவரும் இப்பயிற்சியைக் காட்டினால் நாம் ஏற்கலாகாது. ஆனால் உறுதியைக் கையில் எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் பலமுறை ஏறி இறங்க உடம்பும் வேண்டும், கலங்காத மனமும் வேண்டும். அதற்கு இது துணையாகும்.

கலந்துரையாடுவோம்

1. நமக்குள்ள நோ எது? அதன்மேல் நாம் ஏற்றும் பாரம் எது?
2. நம் கவலைகளுள் மனத்தில் இறக்கக்கூடியவை எவை? ஒன்றுசேர்ந்து கேட்டுப் பெறவேண்டியவை எவை?