கனியாணம் – மான் இறைச்சியும் பழச்சுவையும்

முன்னுரை

மொழிபெயர்ப்புத் தாள் நடத்தும் வகுப்பில் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்று இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. ஸ்காட்லாந்து நாட்டு விருந்து பற்றிய ஆங்கிலப் பகுதி ஒன்றை மாணவர்க்குத் தந்திருந்தேன். அதில் மான் இறைச்சியைப் பழத்தாலான ‘சாஸ்’ என்பதோடு பரிமாறினர் என்றொரு தொடர் வந்தது. ‘மான்கறியும் பழச்சாறும்’ என ஒருவர் எழுதினார். அவ்வாறு எழுதினால் இலையில் கறியும் குவளையில் சாறும் தனித்தனியே நிற்குமேயன்றி, இரண்டும் கூடிய உணவு தோன்றாது என்றேன். ‘பழச் சட்னி’ என்றார் மற்றொருவர். அப்போது கடலோர ஊரிலிருந்து வந்து பயிலும் மாணவர் ஒருவர் கடைசி வரிசையில் எழுந்து, “பழ ஆணம்னு போடலாமா சார்?” என்று மெல்லக் கேட்டார். வகுப்பு சிரித்தது. “அது வீட்டுப் பேச்சு, தேர்வில் எழுத முடியுமா?” என்றது ஒரு குரல். அவர் அமர்ந்துவிட்டார்.

அன்று நானும் புன்னகைத்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. ஆணம் ஊற்றிச் சோறுண்டு வளர்ந்தவன் நான். கல்லூரி விடுதியில் சேர்ந்த முதலாண்டிலேயே பிறர் நகைப்பர் என்றஞ்சி அச்சொல்லை விட்டுக் ‘குழம்பு’ எனப் பழகியவனும் நானே. இரவு வீடு திரும்பிச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினேன். குழம்பு என்னும் பொருளில் ‘ஆணம்’ அங்கே இடம்பெற்றிருந்தது. அம்மாணவர் சொன்னது தமிழ். நான் புன்னகைத்தது அறியாமை.

மான் இறைச்சியைக் கனிச்சுவையோடு சமைக்கும் வழக்கம் யாது, அதற்குரிய காரணங்கள் யாவை, அதனைக் குறிக்க ஆணம் என்னும் சொல் தகுமா என்னும் மூன்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

மான் இறைச்சியைக் குறிக்கும் ‘வெனிசன்’ என்னும் ஆங்கிலச் சொல், வேட்டையாடுதலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. முன்னாளில் வேட்டையில் வீழ்ந்த எவ்விலங்கின் ஊனையும் அது குறித்தது. காலப்போக்கில் மான் ஊனுக்கே உரியதாயிற்று. ‘டியர்’ என்னும் சொல்லும் அத்தகையதே. விலங்கு என்னும் பொதுப்பொருளில் வழங்கிப் பின்னர் மானைச் சுட்டும் சிறப்புப்பெயராய்ச் சுருங்கியது.

தமிழில் ‘கறி’ என்னும் சொல்லின் வரலாறும் சுவையானது. சங்க நூல்களில் அது மிளகைக் குறித்தது. பின்னர் மிளகிட்டுச் சமைத்த உணவைக் குறித்து, இன்று பேச்சு வழக்கில் ஊனையே குறிக்கின்றது. சொற்கள் இடம்பெயர்வதும் பொருள் மாறுவதும் இயல்பே. ஒரு சொல் ஒரு சமுதாயத்தார் வீட்டில் மட்டும் எஞ்சி நிற்பதாலேயே அது தமிழன்று எனத் தள்ளுதல் முறையாகாது.

மேலை நாட்டு வழக்கு

ஐரோப்பாவின் வட பகுதிகளில் மானும் கனியும் இணைவது தொன்மையான மரபாகும். ஸ்வீடன் நாட்டார் கலைமானின் ஊனை மெல்லிதாகச் சீவி வதக்கி, லிங்கன்பெரி என்னும் சிறு செங்கனியோடு உண்பர். அக்கனியைக் காய்ச்சாமலே சர்க்கரையுடன் கிளறி வைப்பதும் உண்டு. அதில் இயல்பாகவே பென்சாயிக் அமிலம் உள்ளமையால் எளிதில் கெடுவதில்லை. ஸ்காட்லாந்தில் ரோவன் மரத்தின் கனியைக் காய்ச்சிக் கூழாக்கிய பாகு மான் ஊனுக்குத் துணையாகும். அதன் சுவையில் கைப்பும் புளிப்பும் கலந்திருக்கும். இங்கிலாந்தில் ரெட்கரண்ட் கனிப்பாகுடன் நாரத்தை இனத் தோலும் கடுகும் சேர்த்த ‘கம்பர்லாந்து சாஸ்’ புகழ் பெற்றது. செருமானியர் மானின் முதுகிறைச்சியை முழுதாகச் சுட்டு, வேகவைத்த பேரிக்காய்ப் பாதிகளின் குழியில் செங்கனிப் பாகை நிரப்பி அருகில் வைப்பர்.

அட்லாண்டிக்குக்கு அப்பாலும் இவ்வழக்கு உண்டு. வட அமெரிக்கப் பழங்குடியினர் காட்டெருமை, மான் ஆகியவற்றின் ஊனை உலர்த்தி இடித்து, உருக்கிய கொழுப்பும் உலர்ந்த காட்டுக் கனிகளும் சேர்த்துப் ‘பெமிக்கன்’ என்னும் கட்டுணவு ஆக்கினர். நீண்ட பனிக்காலத்துக்கும் நெடும்பயணத்துக்கும் அதுவே உயிர்காப்பு. அங்குக் கனி சேர்ந்தது சுவைக்காக மட்டுமன்று. வாழ்வுக்காகவும் என்பது கருதத்தக்கது.

காரணங்கள்

இவ்விணைப்புக்குக் காரணங்கள் மூன்று எனலாம்.

முதலாவது பருவம். மேலை நாடுகளில் மான் வேட்டைக்குரிய காலம் பெரும்பாலும் இலையுதிர் காலமாகும். காட்டுக் கனிகள் பழுப்பதும் அதனையொட்டியே. ஒரே காடு ஒரே பருவத்தில் ஈந்த இரண்டும் ஒரே கலத்தில் கூடின.

இரண்டாவது ஊனின் இயல்பு. ஓடித் திரியும் மானின் தசையில் கொழுப்பு மிகக் குறைவு. காட்டு மணமும் மிகுதி. கொழுப்பு தரும் நிறைவை இனிப்பும், மணத்தை ஈடுசெய்யும் கூர்மையைப் புளிப்பும் தருகின்றன. இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு, உவர்ப்பு என நம்மவர் வகுத்த அறுசுவையை ஈண்டுப் பொருத்திக் காணலாம். செங்கனிப் பாகு முதல் இரண்டையும், தோலும் வித்தும் கைப்பு, துவர்ப்பு ஆகியவற்றையும், மிளகும் கடுகும் கார்ப்பையும், உப்பு உவர்ப்பையும் நல்க, ஆறும் நிறைவுறுகின்றன.

மூன்றாவது கனியின் தன்மை. இக்கனிகளில் ‘பெக்டின்’ என்னும் பொருள் மிகுதி. சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்து காய்கையில் அது இறுகிக் குழம்பைக் கெட்டியாக்கும்; மாவு கரைத்து ஊற்ற வேண்டுவதில்லை.

கனிச்சாற்றில் நெடுநேரம் ஊறவைத்தால் ஊன் உள்ளேயும் மென்மையாகிவிடும் என்பது பலர் நம்பிக்கை. புளிப்பு பெரும்பாலும் மேற்பரப்பளவிலேயே நின்றுவிடும். தொடை, தோள் போன்ற உழைத்த தசைகளை மென்மையாக்குவது இளஞ்சூட்டில் நெடுநேரம் வேகவைத்தலே. அப்போதுதான் தசைநார் கரைந்து கூழாகும். முதுகிறைச்சியோ சிறிது நேரமே சூடேற்றத் தக்கது. மிகுந்தால் வறண்டு கட்டையாகும். அதன் உட்புறச் செந்நீரைக் குருதி எனக் கருதி அருவருப்பார் உளர். அது பெரும்பாலும் தசையிலுள்ள மையோகுளோபின் என்னும் நிறப்பொருள் கலந்த நீரேயாம்.

பாக்தாத் அடுக்களை

ஊனையும் கனியையும் கூட்டிச் சமைத்தலை நூலாக எழுதிவைத்த பெருமை அரபு மக்களுக்கு உண்டு. கி.பி. 1226இல் முகம்மது இப்னுல் ஹசன் அல்-பக்தாதி என்பார் ‘கிதாபுத் தபீக்’ என்னும் சமையல் நூலை இயற்றினார். அதனை மோசூல் நகர அறிஞர் தாவூத் சலபி 1934இல் பதிப்பித்தார், ஏ.ஜே. ஆர்பரி 1939இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அந்நூலின் முதல் இயலே புளிப்புணவுகளைப் பற்றியது. காடியும் இனிப்பும் கூடிய ‘சிக்பாஜ்’, மாதுளையால் ‘ரும்மானிய்யா’, ஆப்ரிகாட் கனியால் ‘மிஷ்மிஷிய்யா’, ஆப்பிளால் ‘துஃப்பாஹிய்யா’ எனக் கனியின் பெயரே உணவின் பெயராதலைக் காண்கிறோம். சிக்பாஜ் என்னும் சொல்லே ஸ்பெயின் நாட்டில் ‘எஸ்கபெச்சே’ எனத் திரிந்து இன்றளவும் வழங்குகின்றது.

இவ்வடுக்களைக்கும் தென்னாட்டுக்கும் சொல்லுறவு உண்டு. நம் புளியை அரபியர் ‘தம்ர் ஹிந்தீ’, அதாவது இந்தியப் பேரீச்சை என்றனர். அதுவே ஆங்கிலத்தில் ‘டாமரிண்டு’ ஆயிற்று. நாரத்தை என்னும் சொல்லோடு இனமுடையதென மொழிநூலார் கருதும் ‘நாரங்க’ என்பது அரபியில் ‘நாரஞ்ச்’ ஆகி, ஐரோப்பாவில் ‘ஆரஞ்சு’ ஆகி, இன்று மேனாட்டார் கறிக்குழம்பில் மணக்கின்றது.

நம் இல்லத்து ஆணம்

‘கறியில் பழமா?’ என வியக்கும் மாணவர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். புளியும் ஒரு பழமே. நெய்ச்சோற்றுக்கு நம் இல்லங்களில் ஆக்கும் தாளிச்சாவில் எலும்பும் பருப்பும் கத்தரியும் மட்டுமோ உள்ளன? மாங்காயும் புளியும் அன்றோ அதற்கு உயிர்! புளியாணம் என்னும் பெயரோ கனியின் பெயரையும் ஆணத்தையும் சேர்த்தே வைத்திருக்கின்றது. புளியாணம் என்பது தமிழாயின், பழ ஆணம் மட்டும் எங்ஙனம் அயலாகும்?

சங்கச் சான்றுகளும் துணை நிற்கின்றன. வேட்டுவன் வட்டியில் கொணர்ந்த மான் தசைக்கு உழவர் மகளிர் வெண்ணெல் முகந்து கொடுத்ததைப் புறநானூற்றின் 33ஆம் பாடல் காட்டும். மாதுளங்காயை மிளகும் கறிவேப்பிலையும் கலந்து வெண்ணெயில் வேகவைத்து விருந்தினர்க்கு ஈந்த செய்தி பெரும்பாணாற்றுப்படையில் உண்டு. இவ்விரண்டும் ஒரே கலத்தில் கூடின என யான் கூறவில்லை. எனினும், தமிழர் மானையும் அறிவர், சமைத்த கனியையும் அறிவர் என்பது தெளிவு.

அரபியில் ‘இதாம்’ என்றொரு சொல் உண்டு. ரொட்டியோடு தொட்டுண்ணும் எதனையும் அது குறிக்கும். காடியை நல்ல இதாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போற்றியதை ஹதீஸ் நூல்கள் கூறும். எளிய வீட்டில் இருந்ததை உவந்து ஏற்ற பண்பு அது. இதாம் என்பதற்கு நேரான தமிழ் தேடின் ஆணம் அதற்கு மிக அருகில் நிற்கும்.

செய்முறை

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றமாகும். இஹ்ராம் உடையணிந்தார்க்கு நில வேட்டை விலக்கப்பட்டதை அறிந்த நமக்கு, ஆகுமான உணவிலும் அடக்கம் உண்டு என்பது புதிதன்று. பிற நாட்டு மான் உணவை நூலில் கற்று, அம்முறையை ஆட்டிறைச்சியில் செய்து பார்த்தலே நமக்குரிய வழி. மேனாட்டார் இதில் மதுவும் சேர்ப்பர். அதன் புளிப்பையும் துவர்ப்பையும் மாதுளைச் சாறும் காடியும் குறைவின்றித் தரும். எங்கள் இல்லத்தில் செய்து கண்ட அளவு வருமாறு.

ஆட்டுத் தொடைக்கறி 1 கிலோ; மாதுளைச் சாறு 400 மில்லி; உலர்ந்த ஆப்ரிகாட் 100 கிராம்; பெரிய வெங்காயம் 3; இஞ்சி விழுது 2 தேக்கரண்டி; மிளகுத்தூள் 2 தேக்கரண்டி; பட்டை 1 துண்டு; காடி 2 மேசைக்கரண்டி; நெய்யும் உப்பும் வேண்டுமளவு.

ஆப்ரிகாட்டை வெந்நீரில் அரை மணி ஊறவைத்துக் கொட்டை இருப்பின் நீக்குக. மாதுளைச் சாற்றை வாயகன்ற சட்டியில் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி வைக்க. கறியின் ஈரத்தைத் துணியால் ஒற்றி, நெய்யில் சிறிது சிறிதாகப் போட்டுச் சிவக்க வறுத்தெடுக்க. ஒருசேரக் கொட்டினால் நீர் விட்டு வெந்துவிடுமேயன்றிச் சிவவாது. அதே சட்டியில் வெங்காயம், இஞ்சி, பட்டை ஆகியவற்றை வதக்கிக் கறியைச் சேர்த்து, மூழ்கும் அளவு நீரும் உப்பும் இட்டு மூடி, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் வேகவிடுக. கறி மென்மையானபின் சுண்டிய சாறு, ஆப்ரிகாட், மிளகு, காடி ஆகியவற்றைச் சேர்த்துக் கால் மணி நேரம் கொதிக்கவிடுக. கனிகளை முதலிலேயே இட்டால் அவை கரைந்து அடிப்பிடிக்கும்.

நிறைவுரை

மேற்கூறியவற்றால், மான் ஊனும் கனியும் கூடியது பருவத்தாலும் தேவையாலும் எழுந்த வழக்கு என்பதும், அதனைக் குறிக்கக் கனியாணம் என்னும் சொல் முற்றும் தகும் என்பதும் பெறப்படும். ‘இறைச்சி’ என்னும் சொல்லைத் தொல்காப்பியம் அகப்பாட்டில் குறிப்பாக உணரப்படும் பொருளுக்கும் வழங்கியது. அன்று வகுப்பில் எழுந்த சிரிப்பிலும் அத்தகைய குறிப்பொன்று இருந்தது. நம் வீட்டு மொழி நூலுக்கு ஆகாது என நாமே எண்ணிக்கொண்டதுதான் அது. அவ்வெண்ணத்தை முதலில் நீக்க வேண்டியவன் ஆசிரியனே.

மறுநாள் பேரகராதியை வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். அப்பக்கத்தை அம்மாணவரையே உரக்கப் படிக்கச் சொன்னேன். என் புன்னகைக்காக அனைவர் முன்னும் வருத்தம் தெரிவித்தேன். அவர் படித்து முடித்து, அகராதியை மூடாமல் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உம்மாகிட்ட சொல்லணும் சார்” என்றார். அவ்வாண்டுத் தேர்வில் அத்தொடர் வரவில்லை. வந்திருந்தால் ஆணம் என்று எழுதிய எவர்க்கும் முழு மதிப்பெண் இட்டிருப்பேன்.