குரங்கணிக்கு பஸ்ஸில் போய் மலை ஏறுவது எப்படி?



நம்ம பள்ளி மைதானத்தில் நின்று மேற்கே பார்த்தால் தினமும் மலை தெரிகிறது. அதில் ஏறியவர்கள் யார் யார் என்று வகுப்பில் கேட்டேன். ரொம்பக் கொஞ்சம் பேர்தான் கை தூக்கினார்கள். ஏன் போகலை என்று கேட்டால் இரண்டே காரணம்தான். ஒன்று, ஜீப் வாடகை கட்டுப்படி ஆகாது. இன்னொன்று, 2018 தீ. அந்த வருஷத்திலிருந்து குரங்கணி என்றாலே நம்ம வீடுகளில் "அங்கெல்லாம் வேண்டாம்" என்கிறார்கள். பயப்படுவது தப்பு இல்லை. ஆனால் எதற்குப் பயப்படணும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்துகொண்டால் நாமும் போகலாம் என்பது என் கருத்து.

முதலில் வழி. போடியிலிருந்து முந்தல் போய், மூணாறு ரோட்டை விட்டுப் பிரிந்தால் கொட்டகுடி ஆற்றுப் பள்ளத்தாக்கு. அதன் உள்ளே போடியிலிருந்து சுமார் 16 கி.மீ. தூரத்தில் குரங்கணி. பஸ் அதுவரை போகும். அதற்கு மேலே நடைபாதை. சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற ஊர் வழியாக டாப் ஸ்டேஷன் வரை அந்தப் பாதை ஏறுகிறது. டாப் ஸ்டேஷன் கேரள எல்லையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

காட்டுக்குள் எதற்கு ஸ்டேஷன் என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். விசாரித்தால் பெரிய கதை. 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மாடுகளைக் கட்டி தேயிலைப் பெட்டிகளை இழுத்தார்கள். 1908-ல் அதை மாற்றி நீராவி இஞ்சின் ஓடும் குட்டி ரயில் ஆக்கினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடிக்கு சுமார் 5 கி.மீ. கம்பி வழியாக (ரோப்வே) பெட்டிகள் இறங்கும். மேலே டாப், நடுவில் சென்ட்ரல், கீழே பாட்டம். பாட்டம் ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு வந்து, அப்புறம் தூத்துக்குடித் துறைமுகம் போய், கப்பல் ஏறும். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அழிந்துவிட்டது. ரயில் போய் நூறு வருஷம் ஆகியும் ஸ்டேஷன் என்ற பேர் மட்டும் ஊர்களுக்கு ஒட்டிக்கொண்டது. சினிமாவில் கூட இப்படி வராது!

இனி கணக்கு. பஸ்ஸில் போகிறவர்கள் கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடணும். காலையில் கிளம்பும் நேரத்தை மட்டும் பேசிவிட்டுப் போனால் சாயங்காலம் மாட்டிக்கொள்வோம்.

1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு விதி சொன்னார். 5 கி.மீ. தூரத்துக்கு 1 மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு 1 மணி நேரம். பாதை 6 கி.மீ., ஏற்றம் 600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 1 மணி 12 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி. மொத்தம் 2 மணி 12 நிமிடம். இது நடந்து பழகிய பெரியவர்கள் கணக்கு. நாம கூட்டமாகப் போவோம், நடுவில் உட்காருவோம், ஒருத்திக்கு செருப்பு அறுந்துபோகும். அதனால் பாதி சேர்த்து 3 மணி 20 நிமிடம் என்று வைக்கணும். இறங்க 2½ மணி. இறக்கம்தானே என்று குறைக்கக் கூடாது, முழங்கால் நடுங்குவது இறங்கும்போதுதான்.

கடைசி பஸ் 5 மணி என்றால் 4.30-க்கு நிறுத்தத்தில் இருக்கணும். 2 மணிக்கு இறங்க ஆரம்பிக்கணும். சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் விட்டால் 1 மணிக்கு மேலே சேரணும். அப்படியானால் 9.40-க்கு நடக்கத் தொடங்கணும். பஸ் தாமதமாகி 10.30-க்குத்தான் தொடங்கினோம் என்றால்? அப்பவும் 2 மணி என்பது 2 மணிதான். நுனி தெரிகிறதே, இன்னும் பத்து நிமிஷம்தானே என்று ஆசை காட்டும். எங்கே நிற்கிறோமோ அங்கேயே திரும்பணும்.

இன்னொரு விஷயம். குரங்கணிக்கு மேற்கே பெரிய மலை நிற்பதால் சூரியன் சீக்கிரம் மறைந்துவிடும். நம்ம ஊரில் வெயில் அடிக்கும்போதே அங்கே நிழல் விழுந்துவிடும். டார்ச் கட்டாயம்.

இப்போது தீ. 2018 மார்ச் 11-ல் கொழுக்குமலையிலிருந்து குரங்கணி பக்கம் இறங்கிய மலையேற்றக் குழுவினரை காட்டுத் தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். அந்த மாதத்தைக் கவனியுங்கள். பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும். பகலில் வெயில் பட்டு மலைச் சரிவு சூடாகும், காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும். (இரவில் நேர் எதிராக, குளிர்ந்த காற்று கீழே இறங்கும். சமூக அறிவியலில் படித்த பள்ளத்தாக்குக் காற்று இதுதான்!) தீயும் சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாகப் போகும். ஏனென்றால் சுவாலை சாய்ந்து மேலே உள்ள புல்லை முன்பே காயவைத்துவிடும். அதனால் தீயைப் பார்த்து மேட்டுப் பக்கம் ஓடக் கூடாது. புல் இல்லாத பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து ஆறிய இடம் இவைதான் புகலிடம். அதைவிட, அந்த மாதங்களில் போகாமலே இருக்கலாம். வனத்துறையும் தீக்காலத்தில் மலையேற்றத்தை நிறுத்தி வைக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை வேறு மாதிரி. தீ இருக்காது, ஓடை இருக்கும். நாம நிற்கிற இடத்தில் தூறல் கூட இல்லாமல் மேலே மழை பெய்து ஆறு திடீரென்று பெருகும். தண்ணீர் கலங்கினால் உடனே கரை ஏறணும்.

அனுமதி இல்லாமல் காட்டுப் பாதையில் போகக் கூடாது. 2018-க்குப் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை "ட்ரெக் தமிழ்நாடு" என்று 40 பாதைகளைத் திறந்தது. அதில் குரங்கணி - சாம்பலாறு பாதையும் ஒன்று. முன்பதிவு செய்தால் வழிகாட்டி கூட வருவார். பள்ளியிலிருந்து போவதாக இருந்தால் ஆசிரியர்கள் வனத்துறையிடம் முதலில் எழுதிக் கேட்கணும்.

பஸ்ஸில் போவதில் ஒரு லாபம், ஏறிய இடத்துக்கே திரும்ப வேண்டியதில்லை. ஜீப்பில் போனால் ஜீப் நிற்கிற இடத்துக்குத்தான் வரணும். டாப் ஸ்டேஷனிலிருந்து மூணாறு சுமார் 32 கி.மீ., பஸ் உண்டு. மூணாறிலிருந்து பூப்பாறை, போடிமெட்டு வழியாக 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி போடிக்கும் பஸ் உண்டு. அனுமதி கிடைத்தால் ஒரு மலையையே சுற்றி வரலாம்.

எங்க அப்பத்தா சின்ன வயசில் அரிசி வாங்க அந்தப் பாதையில்தான் இறங்கி வருமாம். "இப்ப நீங்க பொழுதுபோக்குக்கு ஏறுறீங்களாக்கும்" என்று சிரிக்கிறது. குரங்கணி பஸ் அப்படிப்பட்டவர்களுடைய பஸ். மூட்டையோடு வருகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், நம்மைப் போல பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எல்லோரும் அதில்தான் போகணும். நாம 30 பேர் ஒரே நேரத்தில் ஏறி அவர்களை நிற்க வைக்கக் கூடாது. பத்துப் பத்துப் பேராகப் போகலாம் என்று நினைக்கிறேன்.

போடி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் கேட்டு வந்த நேரங்களைப் பக்கத்துத் தாளில் ஒட்டியிருக்கிறேன். நேரம் அடிக்கடி மாறும் என்று அவர் சொன்னதால் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன். யாராவது புது நேரம் தெரிந்து வந்தால் அழித்துத் திருத்துங்கள்.