கூரைக்கு என்ன நிறம் பூசலாம்?



தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்ததும் பல வீடுகளில் பெயின்ட் பூசும் பேச்சு தொடங்கிவிடும். சுவருக்கு நிறம் தெரிவு செய்வது இலகு. கூரை என்று வந்தால் நம்மிடம் பல கேள்விகள் வருகின்றன. "கறுப்பு அடிச்சா ராத்திரி குளிர் கொறையுமா ஐயா?" என்று தாய்மார் கேட்கிறார்கள். "பச்சை அடிச்சா துரு புடிக்காதுதானே?" என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். கஷ்டப்பட்டு உழைத்த காசு வீணாகக் கூடாது. ஆகவே இம்முறை கூரை நிறத்தைப் பற்றி நாம் பாடமாகவே படிப்போம்.

1. நிறம் என்ன செய்யும்?

இருண்ட நிறம் வெயிலை உள்ளே இழுக்கும். வெளிறிய நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். புதிதாகப் பூசிய வெள்ளை, தன்மேல் படும் வெயிலில் முக்கால் பங்களவைத் திருப்பி விடுகிறது. கறுப்போ பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்புவதில்லை.

பிள்ளைகளோடு இதைச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு தகரத் துண்டுகளில் ஒன்றுக்கு வெள்ளையும் மற்றதற்குக் கறுப்பும் பூசிக் காய வையுங்கள். நல்ல வெயிலில் அரை மணி நேரம் வைத்த பிறகு, தொடாமல் கையைக் கிட்டக் கொண்டு போங்கள். வித்தியாசம் உடனே விளங்கும்.

2. நமது தோட்டம் எந்த உயரத்தில்?

இரத்தினபுரி, தெனியாய போன்ற தாழ்ந்த பகுதிகளில் பகல் சூடு அதிகம். அங்கே வெள்ளை, கிறீம், வெளிர் சாம்பல் நிறங்களே நல்லது. மத்தியானத்தில் கைக்குழந்தையும் வயதானவர்களும் வீட்டுக்குள் இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் போன்ற உயரமான இடங்களில் கடும் சிவப்பு, கபிலம், கரும்பச்சை பூசினால் தவறில்லை. பகலில் கொஞ்சம் இளஞ்சூடு கிடைக்கும். நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் பாசி படிந்தாலும் அவ்வளவாகத் தெரியாது.

3. ராத்திரிக் குளிருக்கு நிறம் மருந்தல்ல

இதுதான் இந்தப் பாடத்தில் முக்கியமான விசயம். தகரம் மெல்லியது. சூட்டைச் சேர்த்து வைக்காது. பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். கறுப்பு பூசினாலும் விடியற்காலையில் அது வெள்ளைத் தகரத்தைப் போலவே குளிர்ந்துதான் இருக்கும்.

சில வீடுகளில் மழையே இல்லாத நாளிலும் விடியற்காலையில் தண்ணீர் சொட்டும். "கூரை ஒழுகுது" என்று நினைப்போம். அது ஒழுக்கு இல்லாமலும் இருக்கலாம். அடுப்பு ஆவியும் நமது மூச்சின் ஈரமும் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிச் சொட்டுகின்றன. படுக்கை நனைகிறது. சளியும் இருமலும் உள்ள பிள்ளைக்கு இன்னும் கஷ்டம். இதற்கு எந்த நிறமும் உதவாது. தகரத்துக்குக் கீழே சிலிங் அடிப்பதும், அடுப்புப் புகையும் ஆவியும் வெளியேற வழி செய்வதுமே உதவும். கையில் உள்ள காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால், பிள்ளை படுக்கும் இடத்துக்கு மேலே முதலில் சிலிங் அடியுங்கள். பெயின்ட் அடுத்த வருசம் பூசலாம்.

4. துருவை நிறுத்துவது அடிப்பூச்சு

துருவைத் தடுப்பது பச்சையோ சிவப்போ அல்ல. கீழே பூசும் பிரைமர்தான். துருப்பிடித்த பழைய தகரத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, நன்றாகக் காய்ந்த பின் ரெட் ஒக்சைட் பூசவேண்டும். ஆணி அடித்த இடங்களையும் தகரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்புகளையும் கவனமாகப் பாருங்கள். துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஓட்டை விழுந்து நொறுங்கும் தகரத்துக்குப் பெயின்ட் பூசுவது காசைத் தண்ணீரில் போடுவதுதான். அதை மாற்றவே வேண்டும்.

புதிய தகரத்தின் மேல் நாகப் பூச்சு உண்டு. அதன்மேல் எனமல் பெயின்டை நேரே பூசினால் சில காலத்தில் செதில் செதிலாக உரிந்துவிடும். நாகத் தகட்டுக்கு ஏற்ற பிரைமரைக் கடையில் கேட்டு வாங்குங்கள். பீலியில் பிடிக்கும் மழைத்தண்ணீரைப் பாவிக்கும் வீட்டார், ஈயம் சேராத பெயின்ட்தானா என்று டின்னில் பார்த்து வாங்கவேண்டும். பூசிய பிறகு வரும் முதல் சில மழைகளின் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்கக்கூடாது.

5. எவ்வளவு வாங்குவது?

கூரை 20 அடி நீளம், 15 அடி அகலம் என்றால் 300 சதுர அடி. தகரத்தின் நெளிவுக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 330. இரண்டு தரம் பூச 660. ஒரு லீற்றர் எனமல் சுமார் 100 சதுர அடிக்கு வரும். ஆகவே ஏறக்குறைய 7 லீற்றர் தேவை. பிரைமருக்குத் தனிக் கணக்கு.

6. எப்போது பூசுவது?

கொழுந்தின் குவாலிட்டி சீசனை நாம் எல்லோரும் அறிவோம். அந்த வறண்ட காலமே பெயின்ட்டுக்கும் ஏற்றது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. அங்கே காற்று பலமாக இருக்கும் நாளில் கூரையில் ஏறவேண்டாம். பனி காய்ந்த பிறகு தொடங்கி, பின்னேரப் பனிக்கு முன் முடியுங்கள்.

7. ஆஸ்பெஸ்டஸ் கூரை உள்ளவர்களுக்கு

ஆஸ்பெஸ்டஸ் சீட்டைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டவே கூடாது. அதன் தூசி நெஞ்சுக்குள் போனால் பல வருசங்களுக்குப் பிறகும் புற்றுநோய் வரலாம். எல்லா வகை ஆஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாசியை எடுக்கிறோம் என்று பிள்ளைகளை மேலே ஏற்றவும் வேண்டாம். சீட் உடைந்தால் உயிருக்கே ஆபத்து. தோட்ட அலுவலகத்துக்கு அறிவித்து, பழக்கமுள்ளவர்களைக் கொண்டே வேலையைச் செய்யுங்கள்.

8. லயத்துக்கு ஒரே கூரை

லயத்தில் பல குடும்பங்களுக்கு மேலே இருப்பது ஒரே கூரை. நமது காம்பராவின் தகரம் பக்கத்து வீட்டுத் தகரத்தின் கீழே போகிறது. நாம் மட்டும் துருவை நீக்கிப் பூசினாலும், அடுத்த வீட்டுத் துரு தண்ணீரோடு நமது பக்கம் வரும். ஆகவே லயத்தார் எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுங்கள். அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். ஒரே நிறமாக, சேர்ந்து வாங்கி, சேர்ந்து பூசுங்கள். புருசன் இல்லாத வீடு, வயதானவர் தனியே இருக்கும் வீடு என்றால் அந்தப் பங்கு வேலையை இளைஞர்கள் செய்து கொடுக்கலாம்.

ஞாபகத்தில் வைக்கவேண்டியவை: சூடான இடத்துக்கு வெளிர் நிறம், குளிரான இடத்துக்குக் கடும் நிறம். துருவுக்குப் பிரைமர். ராத்திரிக் குளிருக்குச் சிலிங். ஆஸ்பெஸ்டஸைச் சுரண்டக்கூடாது.

நிறம் கண்ணுக்கு அழகு. அதற்குக் கீழே படுத்திருக்கும் பிள்ளையின் சுகம் அதைவிடப் பெரிது. இந்தக் கணக்கை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிய பிறகு கடைக்குப் போங்கள்.