மணியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டது

எங்கள் சிப்பிப்பாறை நாய் மணிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டது. "குணமாக்க முடியாது, கஷ்டப்படாமல் வைத்துக்கொள்ளலாம்" என்றார் டாக்டர். சங்கரன்கோவிலிலிருந்து நெல்லை ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு சுமார் ஐம்பது கிலோமீட்டர். சித்திரை வெயிலில் அவனை அடிக்கடி வண்டியில் ஏற்றி அலைக்கழிக்க மனசில்லை. உள்ளூர் டாக்டர் சொல்லித்தர, வீட்டிலேயே பார்த்துக்கொண்டோம்.

டிரிப்ஸ் ஏற்றத்தான் முதலில் கை நடுங்கியது. பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்து, அடியில் ஊசியைச் செருகினால் ரிங்கர் லாக்டேட் இறங்கும். அந்த இடம் காளையின் திமில் போலப் புடைக்கும். சில மணி நேரத்தில் வற்றிவிடும். சிலசமயம் நீர் முன்னங்காலுக்கு இறங்கும். பதற வேண்டாம். ஆனால் மறுநாளும் வற்றவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் அடுத்த பாட்டிலைத் தொடாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். அசந்து தூங்கும்போது நிமிடத்துக்கு 30 மூச்சுக்கு மேல் போனாலும் அப்படித்தான்.

சிப்பிப்பாறைக்கு உடம்பில் சதை கிடையாது. இடுப்பெலும்பு தரையில் உரசிச் சீக்கிரம் புண்ணாகும். சாக்கின்மேல் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டு, இரண்டு மூன்று மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்தோம். ஈ மொய்க்காமல் பார்ப்பது முக்கியம். ஈரமான ரோமத்தில் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

சாப்பாட்டை லேசாகச் சூடாக்கினால் வாசம் எழும்பி, ஒரு வாய் தின்பான். முகத்தைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுவோம். வாயைப் பிளந்து ஊட்டுவது பாசம் என்று நினைக்கிறார்கள். குமட்டலோடு கிடக்கிற உயிருக்கு அது சித்திரவதை. குமட்டலுக்குத் தனி மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள். நாம் போடும் வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். டைக்ளோஃபினாக்கும் ஐபுபுரூஃபனும் நாயின் குடலில் ரத்தம் கசிய வைக்கும், மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூனைக்குப் பாராசிட்டமால் ஒன்றே எமன்.

தினமும் பார்க்கும் கண்ணுக்குச் சரிவு தெரியாது. அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஒரு கணக்கு வகுத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்ற ஏழுக்கும் பத்துப் பத்து மதிப்பெண். 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். நாங்கள் தினசரி காலண்டர் தாளின் பின்புறம் எழுதி வைத்தோம். தாள்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோது, கருணை ஊசி போட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அம்மாவே சொன்னார்கள். அது பாவம் என்று சொல்பவர்கள் இங்கே அதிகம். தண்ணீர்கூட இறங்காமல் வலிப்பில் துடிக்க விடுவதைத்தான் நான் பாவம் என்பேன்.

முதலில் மயக்க ஊசி, பிறகுதான் அடுத்தது. கண் மூடாது, உயிர் போன பின்னும் ஒன்றிரண்டு மூச்சு இழுப்பது போலிருக்கும், சிறுநீர் பிரியும். பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

ஊசி மருந்து உடலில் தங்கும். காக்கையோ தெருநாயோ தின்றால் அதற்கும் ஆபத்து. கிணற்றடியிலிருந்து தள்ளி, ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். எங்களுக்கு வயல் இருந்தது. இடமில்லாதவர்கள் நகராட்சியில் முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது, அன்றைக்கு அலைய உடம்பில் தெம்பிருக்காது.