தோட்டக்காரர் படகோட்டும்போது

1990களின் முதற்பகுதியில் கிளாலிக் கடல்நீரேரியை இரவிரவாகக் கடந்த எம்மக்களுக்குப் படகுப் பயணம் புதிதல்ல. ஆனால் அன்று நாம் ஏறியிருந்தவர்கள், ஓட்டியவர்கள் கடற்றொழிலாளர். இன்று காணியிழந்து கரையோரம் குடியிருக்கும் தோட்டக்காரர் சிலர், வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகைத் தாமே ஓட்டத் தொடங்கியுள்ளனர். அனுபவமுள்ள தொழிலாளி ஒருவருடன் சில மாதங்கள் கூடப்போய்ப் பழகுவதே முதற் பாடம்.

லான்ட்மாஸ்டரை நிறுத்தினால் நிற்கும். படகுக்குத் தடை கிடையாது. இயந்திரத்தை நிறுத்திய பின்னும் ஓடும். ஆகவே ஆட்கள் குளிக்கும் இடத்திலும் சிறகுவலைத் தடிகளின் அருகிலும் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்க வேண்டும். இயந்திரத்தின் நிறுத்துகயிற்றை ஓட்டுபவர் கையில் மாட்டியிருப்பது அவசியம். அவர் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு இயந்திரம் நின்றுவிடும். இல்லையேல், ஆளில்லாப் படகு வட்டமடித்து வந்து அவரையே விசிறியால் வெட்டக்கூடும். இடைஞ்சல் என்று கயிற்றைக் கழற்றிவைப்பது வீரமல்ல. உயிர்காப்பு அங்கியை மடித்து இருக்கையாகப் போடுவதும் அத்தகையதே!

எரிபொருளில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு இருப்பு. சோளகம் வீசும் மாதங்களில் காற்றோடு போனவர் எதிர்க்காற்றில்தான் திரும்பவேண்டும்.

ஆழம் குறைந்த இடங்களில் இயந்திரத்தை உயர்த்தி, கோலூன்றிச் செல்லுங்கள். சாதாளையைப் பசளையாக இட்ட உங்களுக்கு அதன் அருமை தெரியும். இறாலும் மீனும் குஞ்சாக வளர்வது அதனுள்தான். விசிறி வேரோடு கிளறிய இடத்தில் அது மீண்டும் படர வருடங்கள் செல்லும்.